ரிச்சி தெருவில் ஒரு பத்து அங்குல ராஜ்யம்!

மெட்ராஸில் இரண்டு இடங்களுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஒன்று தி.நகர் ரங்கநாதன் தெரு, இல்லத்தரசிகளின் தலைவிதி. இன்னொன்று ரிச்சி தெரு. நம் போன்ற ஆசாமிகளின் தலைவிதி. ரங்கநாதன் தெருவிலிருந்து திரும்பி வரும் பையில் என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரிச்சி தெருவிலிருந்து வரும் பையில் இருப்பது என்னவென்று வாங்கியவனுக்கே சில சமயம் தெரியாது.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நுழைந்தால் மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, இவற்றுக்கு நடுவே ரிச்சி தெரு. ஒரு தெருதான் ரிச்சி என்றாலும், பேட்டை மொத்தத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சென்ட்ரலிலிருந்து மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். இறங்கி, சாலையைக் கடந்து, நாலு எட்டு வைத்தால் முதல் குரல் வந்துவிடும்: "சார், இன்னா வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா, டிஸ்ப்ளேவா?" பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் உங்களோடு பத்தடி நடந்து வருவார். சம்பந்தி வீட்டார் கூட இவ்வளவு உபசாரம் செய்ததில்லை.

இந்தப் பேட்டைக்கு வித்தைகள் புதிதல்ல. 1734-ல் கவர்னர் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். பக்கத்திலேயே பிளாக்கர்ஸ் ரோட்டில் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டர் ஒரு காலத்தில் ஊரையே மயக்கியது. இப்போது அது இல்லை. தறி போய், மௌனப்படம் போய், வால்வு ரேடியோ போய், டேப் ரிக்கார்டர் போய், இப்போது செல்போனும் கம்ப்யூட்டரும். நூல் மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை. முன்பு பருத்தி, இப்போது செம்பு!

* * *

நானும் என் அக்கா பையனும் ஒரு சனிக்கிழமை காலை இங்கே வந்து இறங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

பையன் பி.காம். என்னைப் போலவே. பகலில் ஒரு கால் சென்டரில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் மனசு முழுக்க சர்வர், நெட்வொர்க். அந்த வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "ப்ராக்டிகலா ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தான். ஃபீஸ் நாற்பத்தைந்தாயிரம். அவனிடம் இருந்தது ஒன்றரை வருஷம் மிச்சம் பிடித்த இருபதாயிரம். அத்தான் அதை பைக் வாங்க முன்பணமாகக் கட்டச் சொன்னார். "வண்டி இருந்தா நாலு இடத்துக்குப் போய் வேலை தேடலாம். இரும்புப் பொட்டிய வச்சிக்கிட்டு எங்கடா போவ?" நியாயமான கேள்விதான். பையன் என்னிடம் வந்து, "மாமா, நீங்க ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன். அத்தான் என்னிடம், "பணம் தீர்ந்துச்சுன்னா மிச்சத்தை நீ கட்டுவியா?" என்று கேட்டார். அதன் பிறகு கணக்கு எழுதும் பொறுப்பு முழுக்க என்னுடையதாயிற்று.

அவன் கட்ட நினைத்ததற்கு 'ஹோம் லேப்' என்று பெயர். வீட்டிலேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கூடம். இரண்டு பழைய மினி கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்விட்ச், அதையெல்லாம் அடுக்கி வைக்க ஒரு ராக்.

"ராக் எதுக்குடா? ஸ்டூல் மேல வச்சா கம்ப்யூட்டர் ஓடாதா?" என்று கேட்டேன்.

"ஓடும் மாமா. அம்மா தினமும் பெருக்குறப்ப ஓடாது."

பெரம்பூரில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடித்த மாதிரி. அதனால் சுவரில் மாட்டும் ரெடிமேட் ராக் கிடையாது. மிச்சம் இருந்தது, டி.வி.க்குப் பக்கத்தில் ஓர் அடி அகல மாடம். அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சின்ன சரித்திரம். உலகத்து சர்வர் ராக்குகள் எல்லாம் 19 அங்குல அகலம். இந்த அளவைப் பரப்பியது கம்ப்யூட்டர்காரர்கள் அல்ல; 1920-களில் அமெரிக்க டெலிபோன்காரர்கள், ரிலேக்களை அடுக்குவதற்காக. டெலிபோன் ரிலே போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. அதன் சட்டை மட்டும் இன்னும் எல்லோர் உடம்பிலும். உயரத்தை 'யூ' என்று அளக்கிறார்கள். ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.45 மி.மீ. ஒவ்வொரு யூவுக்கும் மூன்று துளை. துளைக்குத் துளை தூரம் 15.875, மறுபடி 15.875, பிறகு 12.7 மி.மீ. இந்தச் சந்தம் தப்பக்கூடாது. வெண்பாவில் தளை தட்டினால் புலவர்தான் கோபிப்பார். இங்கே தட்டினால் போல்ட்டே உள்ளே போகாது.

பத்தொன்பதுக்கு ஒரு தம்பி உண்டு: பத்து அங்குல ராக். முகப்புத் தகடு 254 மி.மீ., இரண்டு தூண்களுக்கு நடுவே 222 மி.மீ. இடைவெளி, யூ கணக்கு அதேதான். மாடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி! ஆனால் ரெடிமேடாகத் தேடினால் தெருவில் எல்லோரும் பத்தொன்பதையே காட்டினார்கள். "பத்தா? அந்த சைஸ்ல டிவி ஸ்டாண்டு கூட வராது தம்பி" என்றார் ஒரு கடைக்காரர். ஆக, நாமே செய்ய வேண்டியதுதான்.

* * *

முதலில் கம்ப்யூட்டர். மாடி ஏறினால் ஒரு கடை. சுவர் முழுக்க, தீப்பெட்டி அடுக்கின மாதிரி, பழைய மினி கம்ப்யூட்டர்கள். எல்லாம் எங்கேயோ ஓர் ஆபீசில் மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சம்பளப் பட்டியல் போட்டவை. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல்லின் ஆறாவது, ஏழாவது தலைமுறை சிப்களில் ஏறக்குறைய எதுவும் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. உடம்பு திடமாக இருக்கும்போதே வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிய கேஸ்! இவற்றில் லினக்ஸ் போட்டால் வாலிபம் திரும்பிவிடும்.

பையன் எடுத்தது லெனோவோ திங்க்சென்டர் டைனி, இரண்டு. உயரம் 34.5 மி.மீ., மற்ற இரண்டு பக்கமும் சுமார் 18 செ.மீ. ஒரு யூவுக்குள் அடங்கி, பக்கத்தில் காற்றுக்கும் இடம் விடும்.

"ஜீ, லாஸ்ட் எவ்ளோ?"

"ஒண்ணு எட்டு. ரேம் வெல தெரியுமா உனக்கு? போன மாசம் வந்திருந்தா கொறச்சிருப்பேன்."

போன மாதம் என்பது ரிச்சி தெருவில் ஒரு பொற்காலம். எப்போது போனாலும் அது போன மாதத்தில்தான் இருக்கும். ஆனால் ரேம் விஷயத்தில் ஜீ சொன்னது பொய்யில்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில், விலை உலகம் முழுக்கவே ஏறியது. எங்கேயோ ஒருவர் கம்ப்யூட்டரிடம் கவிதை எழுதச் சொன்னதற்கு, பெரம்பூர் பையன் தண்டம் கட்ட வேண்டியிருந்தது.

பேரம் அரை மணி. நடுவில் பையன் செய்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இரண்டு பெட்டியையும் ஆன் செய்யச் சொன்னான். பயாஸுக்குள் போய், பழைய ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று பார்த்தான். வர்ச்சுவலைசேஷன் என்ற விசையைத் திறந்தான். பென் டிரைவில் கொண்டு போயிருந்த லினக்ஸை ஏற்றி, எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது என்று படித்தான். ஒன்று இளசு. இன்னொன்று ரொம்ப கிழம். "இத மாத்திக் குடுங்க ஜீ." ஜீ ஒரு கணம் அவனைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் மாற்றினார். விலையும் தானாக ஏழாயிரத்துக்கு இறங்கிவிட்டது. தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை. இது தெரு தர்மம்.

அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள், ஸ்வாமி! மினி கம்ப்யூட்டர் சின்னதாக இருப்பதன் ரகசியமே, அதன் வயிற்றை வெளியே கழற்றி வைத்திருப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் செங்கல் மாதிரி ஓர் அடாப்டர் உண்டு. படத்தில் அழகாகத் தெரியும் ராக்குகளுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி இருக்கும். பையன் முன்யோசனையாக ராக்கின் கீழ் ஒரு யூவை அடாப்டர்களுக்கே ஒதுக்கிவிட்டான்.

* * *

அடுத்து ராக்குக்கு உலோகம். ஆதித்தனார் சாலை வழியாகக் கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. கார், ஸ்கூட்டர்களின் மறுபிறவி ஸ்தலம். வழியில் ஓர் அலுமினியக் கடையில் 25 மி.மீ. எல்-ஆங்கிள், மூன்று மி.மீ. கனம், துண்டுகளாக எடை போட்டு வாங்கினோம். ஓட்டை போட்டே வரும் ஸ்லாட்டட் ஆங்கிளை ஏன் வாங்கக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் ஃபைல் தாங்கி நிற்குமே, அதுதான். 1940-களில் டிமெட்ரியஸ் கொமினோ என்பவர் இங்கிலாந்தில் கண்டுபிடித்த அருமையான வஸ்து. ஆனால் அதன் துளைத் தாளம் வேறு, ராக்கின் தாளம் வேறு. இரண்டையும் சேர்த்தால் கச்சேரி கெட்டுவிடும்.

துளைகளைத் துல்லியமாகக் குறிப்பது எப்படி? பையன் ஒரு யுக்தி வைத்திருந்தான். ராக் உயரம் ஆறு யூ. ஆறு யூ என்றால் சரியாகப் பத்தரை அங்குலம், 266.7 மி.மீ. ஏ-4 காகிதத்தின் நீளம் 297. ஆக, துளைப் படம் முழுவதையும் ஒரே தாளில் அச்சடித்து, ஆங்கிள் மேல் ஒட்டி, புள்ளிக்குப் புள்ளி சென்டர் பஞ்சால் தட்டினால் முடிந்தது.

ஒரு ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தோம். படம் வந்தது. நான் பணம் எடுக்க, பையன் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்தான்.

"மாமா, இருங்க. பத்தரை இல்ல. கால் இன்ச்சுக்கு மேல கம்மியா இருக்கு."

பிரிண்டர் படத்தைத் தாளுக்குள் அடக்குகிறேன் பேர்வழி என்று நைசாகச் சுருக்கியிருந்தது! கண்ணுக்குத் தெரியாத சுருக்கம். ஆனால் கடைசித் துளை எட்டு மி.மீ. தள்ளிப் போயிருக்கும், அலுமினியம் அத்தனையும் பாழ். 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றி அச்சடிக்கச் சொல்லி, மறுபடி அளந்து, பத்தரை வந்த பிறகுதான் நகர்ந்தான். சர்வர் வேலை என்பதே இதுதானாம்: மெஷின் சொல்வதை நம்பாமல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பது.

லேத் பட்டறை மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். காது மேல் பீடி. தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"இன்னாபா இது, ஆர்மோனியமா?"

"கம்ப்யூட்டர் வைக்கிற ஸ்டாண்டுண்ணே. எம்-ஃபைவ் மரை போடணும். 4.2 டிரில் போட்டு டேப் அடிச்சிடலாமா?"

மேஸ்திரி பீடியை இறக்கினார். "4.2-ன்னு கரெக்டாத்தான் சொல்ற. ஆனா அலுமினியத்துல மரை போடாத. நாலு தபா கழட்டி மாட்னா வழுக்கிக்கும். அஞ்சரைல தொள போட்டுக்க, பின்னாடி நட்டு குடு. ஆயுசுக்கும் நிக்கும்."

இதைச் சொல்லித்தர நாற்பத்தைந்தாயிரம் கேட்கவில்லை அவர். முன் தூண் ஒன்றுக்குப் பதினெட்டு, இரண்டுக்கும் சேர்த்து முப்பத்தாறு துளை. துளைக்கு ஐந்து ரூபாய். உள் விளிம்பிலிருந்து ஏழு மி.மீ. தள்ளி, ஒவ்வொன்றாக இறக்கினார். வெள்ளிச் சுருள் சுருளாக அலுமினியம் உதிர்ந்தது. தட்டுகளுக்கு மெல்லிய தகட்டை மடித்துக் கொடுக்க அடுத்த பட்டறைக்கு அவரே ஆள் அனுப்பினார். கிளம்பும்போது பையனிடம், "வேலைக்குப் போறியா?" என்றார். "தேடிட்டிருக்கேண்ணே." "கைல ஸ்கேல் வச்சிருக்க. கெடைக்கும் போ."

கணக்குப் பிள்ளையின் குறிப்பேடு: கம்ப்யூட்டர் இரண்டு, 14,000. ஸ்விட்ச், 1,100. அலுமினியம், 650. துளை, 180. தட்டு மடிப்பு, 600. போல்ட், நட்டு, வாஷர், 170. கேபிள், 300. ஆக மொத்தம் 17,000. கையிருப்பு மூவாயிரம். டீ, பஜ்ஜி என் சொந்தச் செலவு.

* * *

ஞாயிற்றுக்கிழமை கட்டிடப் பணி. வெளி அகலம் 272 மி.மீ. மாடத்துக்குள் சாதுவாகப் போய் உட்கார்ந்தது. மேலே ஸ்விட்ச், அடுத்து ஒரு கம்ப்யூட்டர், ஒரு யூ காலி, அடுத்த கம்ப்யூட்டர், மறுபடி ஒரு யூ காலி, கீழே செங்கற்கள். காலி இடம் வீண் அல்ல. நம் ஊர் மே மாதத்தில் மனுஷனுக்கே மூச்சு முட்டும்போது மெஷினுக்கு ஜன்னல் வேண்டாமா?

அக்கா வந்து பார்த்தாள். "இதுக்கு மேல ஒரு பிள்ளையார் வைக்கலாமா?" வைத்தாயிற்று.

உள்ளே ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருள். அதன் வேலையைத் திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரே வீட்டில் பல குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தனி வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். குழாய் ஒன்றுதான். அந்தக் குழாய்தான் ரேம்.

இரண்டு கம்ப்யூட்டரையும் கூட்டாகச் சேர்த்தால் ஒரு சிக்கல். எந்த முடிவுக்கும் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் மிச்சமிருப்பது இரண்டில் ஒன்று. மெஜாரிட்டி இல்லை என்று அதுவும் கையைக் கட்டிக்கொள்ளும். புருஷன் பெண்சாதி இருவர் மட்டும் உள்ள வீட்டில் எந்தத் தீர்மானமும் நிறைவேறாதது போலத்தான்! மூன்றாவது ஓட்டுக்கு ஒரு மாமியார் தேவை. நண்பன் கொடுத்த ஓட்டை லாப்டாப் அந்தப் பதவிக்கு வந்தது. வேலை எதுவும் செய்யாது; ஓட்டு மட்டும் போடும்.

அன்று ராத்திரி அத்தான் கேட்டார்: "இருபத்திநாலு மணி நேரமும் ஓடுமா? கரண்ட் பில்?"

பயந்த கேள்வி அதுதான். பையன் காகிதம் எடுத்தான். சும்மா இருக்கும்போது எல்லாம் சேர்த்து சுமார் 35 வாட். ஒரு நாளைக்கு 840 வாட்-மணி. அறுபது நாளைக்கு 50.4 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கட்டண அட்டவணையே வேறு. அத்தான் வீட்டில் ஏற்கெனவே நானூற்று அறுபது ஓடுகிறது. தாண்டிவிடும்!

"அதனால நான் படிக்கிற ஆறு மணி நேரம் மட்டும்தான்பா போடுவேன். ரெண்டு மாசத்துக்கு பன்னெண்டரை யூனிட் சொச்சம். அதுக்கு மேல போனா நானே கட்றேன்."

அத்தான் காகிதத்தை வாங்கி ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, "லைட்ட அணைச்சிட்டுப் படு" என்று மட்டும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் ஒப்புதல்.

அடுத்த மூன்று மாதம் பையன் அதைக் கட்டினான், உடைத்தான், மறுபடி கட்டினான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குவான். மின்சாரத்தை அணைப்பான். எது எப்படி எழுந்து வருகிறது என்று நோட்டில் எழுதுவான். அந்த நோட்டோடுதான் ஒரு சின்னக் கம்பெனியின் இன்டர்வியூவுக்குப் போனான். "ஒரு சர்வர் திடீர்னு செத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்ல வாரம் ரெண்டு தடவ சாகடிப்பேன் சார்" என்று நோட்டை நீட்டியிருக்கிறான்.

ட்ரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கால் சென்டரைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. ஆனால் யாரிடமும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்ல வேண்டியதில்லை.

* * *

நீங்களும் போவதாக இருந்தால், சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் தோளோடு தோள் உரசும். கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். 'டெஸ்டிங் வாரண்டி' எத்தனை நாள் என்பதை அந்த பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பையில் ஒரு பென் டிரைவ், ஒரு ஸ்க்ரூ டிரைவர். முக்கியமாக, ஒரு ஸ்டீல் ஸ்கேல்.

மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அத்தான் தம் பழைய கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து அந்த ராக்கில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டுமாம். ஜீயிடம் போன் செய்து விலை கேட்டேன்.

"போன மாசம் கேட்டிருக்கக் கூடாதா சார்?" என்றார்.